அக்காவின் ஞாபகத்தைக் கேட்டு வந்தவர்கள்

மூளைக்கு வயதாவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் ராயபுரத்தில் ஒரு மாதா கோயில் கூடத்துக்கு வந்திருந்தார்கள். அறுபது தாண்டியவர்கள் யாரும் வரலாம், ஞாபகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்றார்கள். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆனால் நான் போனது அக்காவுக்காக.

அக்கா விம்கோ நகர் பக்கம் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுக் கடைக்குப் போய், பாத்திரம் கருகி, புகை தெருவரை வந்துவிட்டது. ஆவடியில் இருக்கும் அவள் மகன், இன்னொரு முறை இப்படி நடந்தால் தன்னோடு கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டான். அங்கே நாலாவது மாடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். அதற்குத்தான் அக்கா பயந்தாள்.

நான் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் லாரி வேலை முடிந்து, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அவளிடம் தங்கியிருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டதிலிருந்து இப்படித்தான். சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றினேன், காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன், நடுவில் எங்கெங்கோ போனேன். திரும்பி வந்தால் அக்கா வீடு.

கூடத்தில் அக்காவுக்கு எதிரே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளம்பெண் உட்கார்ந்தாள். ஒரு சின்னக் கதை சொல்வதாகவும், பிறகு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். பாலத்துக்குக் கீழே தேங்காய் விற்கும் ஒருவரை பைக் இடித்துவிட்டு நிற்காமல் போகிறது. தேங்காய்கள் ரோட்டில் உருள்கின்றன. எதிர்க்கடை டெய்லர் ஓடி வந்து அவரைத் தூக்குகிறார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, அந்தக் கதையில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"எனக்கு இன்னாமா தெரியும்? நான் அங்க இல்லவே இல்ல" என்றாள் அக்கா.

பின்னால் உட்கார்ந்திருந்த நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பேப்பரும் பேனாவுமாக யார் வந்து என்ன நடந்தது என்று கேட்டாலும் பதில் அதுதான். எங்கள் அப்பா ஒரு அடிதடியைப் பார்த்தேன் என்று ஒரு முறை வாயை விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு அலைந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் பார்த்ததில்லை. இதை அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் வேறு கதையோடு பார்க்கலாம் என்றாள்.

நான் விடவில்லை. ஞாபகம் தலைக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். காதுக்கு உள்பக்கமாக, ஆழத்தில், கடல்குதிரை வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறதாம். புதிதாக நடப்பது அதன் வழியாகத்தான் உள்ளே தங்குமாம். வயதானால் அது கொஞ்சம் சுருங்கும். சிலருக்கு வேகமாகச் சுருங்கும். பழைய விஷயங்கள் வேறு இடங்களில் ஊறிப் போயிருப்பதால் சீக்கிரத்தில் போகாது. வலையில் சிக்கி, காய்ந்து விறைத்த கடல்குதிரைகளைக் காசிமேட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒன்று இருக்கிறது என்று தெரியாது.

இன்னொன்றும் சொன்னாள். வெறும் வயதுதான் காரணமென்றால், கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் ஞாபகம் வந்துவிடும். எடுத்துக் கொடுத்தும் வராவிட்டால், விஷயம் உள்ளே போகவே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

அன்று சாயங்காலம் அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அதைச் சோதித்துப் பார்க்க ஆசை. இங்கே யாரும் இல்லை, இப்போது கதையைச் சொல் என்றேன். அடுத்த மீனை எடுத்தாள். ரோட்டில் ஒருவர் வியாபாரம் செய்துகொண்டிருந்தாரே, என்ன வியாபாரம் என்று எடுத்துக் கொடுத்தேன். பூவா என்றாள். கையை வைத்து உருண்டையாகக் காட்டினேன். ஆரஞ்சா என்றாள். தேங்காய் என்று நானே சொன்னபோதும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தது.

"சாட்சிக்குப் பயந்து சொல்லலன்னு நென்ச்சுகினியா? அது வாயில தானா வர்றதுடா. மெய்யாலும் உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு, "பையன்கிட்ட சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. அடுப்பு மூட்டும்போதெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன். ஆந்திரா பக்கம் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த மாதம் அந்தப் பெண் வேறு கதை சொன்னாள். முடிந்ததும் அக்கா ஒளிக்கவில்லை. "கத போச்சு பாப்பா. போன வாட்டியும் போச்சு. என்னை வூட்ல இருக்க வுடுவாங்களா, அத சொல்லு" என்றாள்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். இந்தச் சோதனையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றாள். டாக்டர் பார்க்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும். சத்துக் குறைவாலோ தைராய்டாலோ கூட இப்படி ஆகலாம், அப்படியென்றால் மருந்து உண்டு. காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவரை வீட்டில் இருக்கலாம், ஆனால் தனியாக வேண்டாம், அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். வருஷா வருஷம் வந்து, என்ன மாறியிருக்கிறது என்று சொல்லவும் கூடவே இருக்கிற ஒருவர் வேண்டுமாம். அப்படி யாராவது இருக்கிறார்களா?

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னைக் கை காட்டினாள்.

"இவந்தான். எங்கியும் போவமாட்டான்."

என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறதியில் சொல்கிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் பழசு எதுவும் அவளை விட்டுப் போகவில்லை. நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனதெல்லாம் பழசுதான். அவள் தெரிந்தேதான் சொன்னாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.