வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது போன மாசியில், நோன்பு மாதத்தில், விழுப்புரம் பக்கம் கெடாருக்கு மேற்கே ஒரு பாறைக் குன்றில் எனக்கு நடந்தது. குன்றின் பெயரை எழுத மாட்டேன். அந்தக் குடும்பத்து ஆட்கள் அடிவாரத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

என் பெயர் கலைப்பிரியா. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். தாவரவியல். "புல்லு பூண்டப் பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோரோடும் சண்டை போட்டுப் படித்தேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். கல்லூரித் தோழி ஃபஸீஹா, கோட்டக்குப்பத்துக்காரி. அவள் அண்ணன் சுஃப்யான், துபாயிலிருந்து திரும்பி வந்து யூடியூப் சேனல் நடத்துகிறவர். காட்டில் கிடைப்பதைச் சமைத்துச் சாப்பிட்டு ஓர் இரவு குன்றில் தங்குவதை அவர் வீடியோ எடுக்க வேண்டும். செடிகளை அடையாளம் சொல்ல நான். அண்ணன் தங்கை இருவரும் நோன்போடுதான் ஏறினார்கள்.

சாயங்காலத்துக்குள் தூதுவளை, முசுமுசுக்கை, பிரண்டை எல்லாம் பறித்துவிட்டோம். நான் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பாத்திரத்தில் ஏதோ கிழங்கு, துண்டு துண்டாக நறுக்கிக் கிடக்கிறது.

வள்ளிக்கிழங்கு என்றார் சுஃப்யான். கொடியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். காய்ந்திருந்தது என்றார். மாசியில் எந்தக் கொடிதான் காயாமல் இருக்கும்? இலை இல்லாமல் எப்படி வள்ளி என்று சொன்னீர்கள்? முழுக் கிழங்கு ஒன்று காட்டுங்கள் என்றேன். எல்லாவற்றையும் நறுக்கியாகிவிட்டது, தோலையும் வீசியாகிவிட்டது. தோண்டின குழி பாறைக்கு அந்தப் பக்கமாம், இருட்டப் போகிற நேரத்தில் அங்கே போக முடியாதாம்.

"ஒரு டிகிரிய வச்சிக்கினு பேஜாரு பண்ணாத கலை. நானும் ஃபஸீஹாவும் விடியறதுக்கு முன்ன சஹருக்குச் சாப்புடப் போறோம். நீ சாப்புடாத, போ."

ஃபஸீஹா என் கையை அழுத்தினாள். விடிவதற்குள் அவள் அதைச் சாப்பிடப் போகிறாள். அது என்ன கிழங்கு என்று எனக்குத் தெரியவில்லை. என் கவலை அதுதான்.

ஆறரை மணி இருக்கும். பேரீச்சம்பழமும் பிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சியுமாக நோன்பு திறந்து முடித்திருந்தார்கள். கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது.

பாதையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சருகு மிதிபடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. முப்பது வயது இருக்கலாம். கையில் கடப்பாரை. விரல்களில் சிவப்பு மண், ஈரமாக. அந்தக் குன்றில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இன்னா வேவுது?"

"வள்ளிக்கெழங்கு" என்றார் சுஃப்யான்.

அவள் பாத்திரத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நானும் அப்டிதான் நெனச்சேன்."

பிறகு ஃபஸீஹாவைப் பார்த்துச் சொன்னாள். "சரி, வர்றேன்."

விடைபெறுகிறவர்கள் சொல்வதுதானே. ஃபஸீஹாவும் எல்லோரும் சொல்வதையே சொன்னாள்.

"வாங்க."

அந்தப் பெண் ஊர்ப்பக்கம் இறங்கவில்லை. மேலே ஏறினாள். கடப்பாரை பாறையில் இழுபட்டது. சத்தமே இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. சேனலுக்காக ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்தேன். முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"யாரண்ணா அது? உங்க ஏற்பாடா?"

"கெழங்க சாப்புட விடக் கூடாதுன்னு நீதான் செட் பண்ணியோன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். நடிக்கிற முகமாக இல்லை.

பாத்திரத்தை என் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டேன். மூடி மேல் ஒரு கல். விடிந்ததும் குழியைப் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். விடிவதற்குள் சஹர் முடிந்துவிடுமே என்று சிரித்தார் சுஃப்யான். நாலே காலுக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தார். நான் தூங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை.

சரக்... சரக்...

மண் தோண்டும் சத்தம்.

செல்போனைப் பார்த்தேன். மூன்று நாற்பது. சுஃப்யான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் தோண்டுவது யார்?

சரக்...

சத்தம் நின்றது.

தலைமாட்டில் கல் மட்டும் இருந்தது. பாத்திரம் இல்லை.

பக்கத்தில் ஃபஸீஹாவும் இல்லை.

டார்ச்சை அடித்தேன். பாறை ஓரத்தில் அவள் முதுகு. மடியில் பாத்திரம்.

"ஃபஸீஹா..."

திரும்பவில்லை.

சுற்றி வந்து முன்னால் நின்றேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கையில் ஒரு துண்டுக் கிழங்கு, வாய்க்குப் பக்கத்தில். அந்தக் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது... யாரோ பிடித்திருப்பதுபோல.

மணிக்கட்டைப் பார்த்தேன்.

ஐந்து விரல் அச்சு.

ஈர மண்.

பாத்திரத்தை எட்டி உதைத்தேன்.

அது உருண்டு போன சத்தத்தில் சுஃப்யான் எழுந்து கத்தினார். ஃபஸீஹா "சஹர் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. இரண்டு பேரும் தண்ணீரைக் குடித்து நோன்பு வைத்தார்கள்.

விடிந்ததும் குழிக்குப் போனேன். ராத்திரி யாரோ அதை இன்னும் ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். விளிம்பில் ஒரு முழுக் கிழங்கு, மண் துடைத்து, எனக்காகவே வைத்ததுபோல் இருந்தது. கலப்பை மாதிரி இரண்டாக வளைந்திருந்தது. கண்வலிக்கிழங்கு. வேகவைத்தாலும் விஷம் போகாது. சுஃப்யானிடம் நீட்டினேன். அவர் கேமராவை எடுத்துப் பைக்குள் வைத்து மூடினார்.

அடிவாரத்தில் முருகையன் என்பவரின் டீக்கடை. நான் டீ வாங்கிக்கொண்டு, கடப்பாரையோடு வந்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்.

பஞ்சம் வந்த ஒரு வருடத்தில் அவள் வள்ளி என்று நினைத்துத் தோண்டிக்கொண்டுவந்து, அவித்து, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கொடுத்தாளாம். மாசி மாதம். அன்றைக்கு அவள் ஒருபொழுது விரதம். அதனால் அவள் வாயில் வைக்கவில்லை. பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு வந்து, மிச்சத்தை விடியற்காலையில் உட்கார்ந்து தின்றாளாம்.

"போவும்போது எதுனா சொன்னாளா?" என்று கேட்டார்.

"வர்றேன்னு சொன்னாங்க."

"நீங்க யாரும் வாங்கன்னு சொல்லலியே?"

நான் ஃபஸீஹாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் ஃபஸீஹாவின் கையைத் தடுத்தாளா, வாய்க்குக் கொண்டுபோனாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

விழுப்புரத்துக்கு ஷேர் ஆட்டோ வந்தது. பின் சீட்டில் நானும் ஃபஸீஹாவும், முன்னால் டிரைவர் பக்கத்தில் சுஃப்யான். பழக்கதோஷத்தில் "வர்றோம்ணே" என்றார் அவர். முருகையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோ கிளம்பப் போகிற நேரத்தில் ஃபஸீஹா என்னை நெருக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டாள்.

வெளியே யாரும் இல்லை.

"வாங்க" என்றாள்.