வேனுக்கு வைத்த பொட்டு

மாமாவின் வேனுக்கு அம்மாதான் பொட்டு வைத்தாள். வேனுக்கு நெற்றி எது என்று வீட்டில் கொஞ்சம் விவாதம் நடந்து, கடைசியில் இரண்டு ஹெட்லைட்டுகளின் நடுமத்தியிலும் ஒவ்வொன்று வைப்பது என்று முடிவானது.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த வேன் ஒன்றை வாங்கி, காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மீதி நேரத்தில் வாடகைக்கு ஹயர் ஓடினார். கொடகவெலை டவுனுக்கு மேலே, மலையின் மேற்பாதியில் தேயிலையும் கீழ்ப்பாதியில் ரப்பரும் நின்ற தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் வேலை எங்களுடையது. அம்மா மேலே வெயிலில் கொழுந்தெடுப்பாள். அப்பா கீழே நிழலில் ரப்பர் பால் வெட்டுவார். வெயில் உனக்கு, நிழல் எனக்கு என்று கல்யாணத்தன்றே பங்கு பிரித்துவிட்டார் என்று அம்மா குத்திக் காட்டுவாள்.

வெள்ளிக்கிழமை வேனைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தால் அது சனிக்கிழமையைப் பார்க்காது. எங்கள் பக்கத்து மழை அப்படி. கடைவீதிவரை போய்த் திரும்புவதற்குள் வேன் வெறும் முகத்தோடு வந்து நிற்கும்.

"பொட்டு அழிஞ்ச மூஞ்சியோட என் தம்பி வண்டி ரோட்டுல போகக் கூடாது" என்று சொல்லி, அம்மா ஒரு நாள் தன்னுடைய பொட்டு அட்டையிலிருந்து ஆகப் பெரிய அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டுகள் இரண்டை உரித்தெடுத்தாள். அதிலிருந்த பசைமேல் அவளுக்கு நம்பிக்கையில்லை. அப்பாவின் வாளியில் மிச்சமிருந்த ரப்பர் பாலை ஒரு சொட்டுத் தொட்டுத் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அதற்குப் பிறகு எத்தனை மழை வந்தும் பொட்டு அசையவில்லை.

பொட்டு அசையவில்லையே தவிர, அதைச் சுற்றியிருந்த ஹெட்லைட் வருடத்துக்கு வருடம் பழுத்துக்கொண்டே வந்தது. கண்ணாடி என்று நாங்கள் நினைத்திருந்தது உண்மையில் பிளாஸ்டிக். முதலில் புகை படிந்ததுபோல மங்கியது, பிறகு மஞ்சளானது. வேன் வளைவில் திரும்பும்போது சுவர், நாய், காயப்போட்ட துணி எல்லாம் மஞ்சளாகத் தெரியும். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று அப்பா கேலி செய்வார். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பது மாமாவின் கொள்கை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எதைக் கண்டாலும் எதுக்கு, எதுக்கு என்று தொணதொணப்பேன். அதனால் மாமா எனக்கு 'எதுக்கு' என்றே பெயர் வைத்திருந்தார்.

சண்டை மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. எனக்குத் தெரிந்தவரை சண்டை வடக்கிலும் எங்கள் வீட்டு ரேடியோவிலும் மட்டும்தான் நடந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற, மேல்வரிசை லயத்து வீட்டு அண்ணன் ஒருவரை விமான நிலையத்தில் விட்டுவர மாமா ஒரு நாள் கிளம்பிப் போனார். அன்றைக்கே திரும்ப வேண்டியவர் மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். கூடவே அந்த அண்ணனும் பெட்டியோடு வந்து இறங்கினார். விமானம் அவரை விட்டுவிட்டுப் போயிருந்தது. "இன்ஜின் சூடாகிருச்சு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமா சொன்னார். அந்த அண்ணனும் அதையே சொன்னார்.

அடுப்படியில் அம்மாவிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னார். நான் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

"ஆமி செக் பொயின்ட்ல ஐடென்டிட்டி காட் எல்லாம் காட்டுனேன்க்கா. சிங்களத்துலதான் பேசுனேன். முன்னுக்குப் பொட்டைப் பாத்தாங்க, எறங்கச் சொல்லிட்டாங்க. விடியிற மட்டும் உக்கார வச்சுட்டாங்க."

"அடிச்சாங்களாடா?" என்று அம்மா கேட்டாள்.

"சோத்தைப் போடுக்கா" என்றார் மாமா.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஹெட்லைட்டில் எதையாவது ஒட்டினால் வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் விபத்து. ஆகவே அது சட்டப்படி குற்றம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ராத்திரி முழுக்க உட்கார வைத்தது கொஞ்சம் அதிகம் என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வேனைக் கழுவினார். முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழம், மிளகாய் மாலை போனது. பின்கண்ணாடியில் இருந்த வேல் படத்தை பிளேடால் சுரண்டினார். எதுக்கு என்று கேட்டேன். வண்டிக்குப் பாரம் கூடிவிட்டது என்றார். கடைசியாக இரண்டு ஹெட்லைட்டிலும் இருந்த பொட்டுகளை நகத்தால் நெம்பினார். ரப்பர் பால் சவ்வாக இழுபட்டு, பொட்டும் அதோடு வந்தது.

அந்த இடத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். சுற்றிலும் மஞ்சள். நடுவில், பொட்டு இருந்த வட்டம் மட்டும் சுத்தத் தெளிவு. அதில் கண்ணை வைத்தால் உள்ளே பல்பும் அதைச் சுற்றிய வெள்ளிக் கிண்ணமும் பளிச்சென்று தெரிந்தன. வேனுக்குக் கண்ணில் கருமணி முளைத்துவிட்டது! மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றினால் அடியில் தோல் வெளுத்திருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. அப்படியென்றால் இத்தனை நாளும் மஞ்சளாக்கியது அழுக்கும் இல்லை, புகையும் இல்லை.

"மாமா, வெயிலு! வெயில் படாத எடம் பழுக்கல, பாருங்க!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நானாகவே கண்டுபிடித்த முதல் விஷயம் அது. யாராவது மெச்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மாமா எட்டப் போய் நின்று பார்த்தார். பாதையில் இறங்கி இன்னும் எட்ட நின்று பார்த்தார். எங்கே நின்று பார்த்தாலும் வட்டம் தெரிந்தது. ஒட்டியிருந்தபோது பொட்டு, உரித்த பிறகும் பொட்டு. அவர் வந்து வாசல்படியில் உட்கார்ந்து, "புதன்கிழமை புள்ளையக் கூட்டிட்டுப் போகணுமேக்கா" என்றார்.

புள்ளை என்றது என் அக்காவை. ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வென்று அவளைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் லயத்திலிருந்து கொழும்புக்குப் போன பெண்கள் உண்டு. எல்லோரும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்கப்போவது அக்கா ஒருத்தியிடம்தான். பஸ்ஸில் போனால் காலையில் கூப்பிட்ட நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வேன் வழியில் நின்றுவிட்டாலும் அவ்வளவுதான், விமானம் மாதிரி தேர்வும் காத்திருக்காது.

அன்றைக்கே வேலை ஆரம்பமானது. "பல்லையே வெளுக்க வைக்குது, இத வெளுக்க வைக்காதா?" என்று மாமா பற்பசையைப் பிதுக்கித் தேய்த்தார். ஹெட்லைட் மணத்தது, வெளுக்கவில்லை. அம்மா அவரைத் தள்ளிவிட்டு, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் திருநீறும் கொண்டு தேய்த்தாள். என் கண் கூர்மையானது என்பதால் எனக்கும் ஒரு பதவி கிடைத்தது.

"ஏ எதுக்கு, எட்ட நின்னு பாத்துச் சொல்லு. வட்டம் தெரியுதா?"

அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வட்டத்தைக் காணோம். "தெரியல மாமா!" என்று குதித்தேன். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் காய்ந்தது. காயக் காய வட்டம் மெல்ல எட்டிப் பார்த்தது. நனைந்தால் ஒளிந்துகொள்வதும் காய்ந்தால் வந்து நிற்பதும் எனக்குப் பெரிய வேடிக்கையாகப் போயிற்று. செம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெளையாட்டா இருக்கா ஒனக்கு?" என்று மாமா செம்பைப் பிடுங்கினார். அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

டவுனில் வாகனங்களுக்கு பெயின்ட் அடிக்கிற சிங்களக்காரர் ஒருவர் மாமாவுக்குக் கூட்டாளி. கைத்தொழில் தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்போம். திங்கட்கிழமை மாமா அந்த பாஸிடம் போய், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்கள் வாங்கி வந்தார். சொரசொரப்பில் தொடங்கி, தொட்டால் துணி மாதிரி இருக்கும் மெல்லியதுவரை இருந்தன. தேய்க்கிற முறையையும் பாஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். எதற்கு இந்த அவசரம் என்று மட்டும் அவர் கேட்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை ஹெட்லைட்டைச் சுற்றி டேப் ஒட்டி, சொரசொரத் தாளால் மாமா தேய்க்கத் தொடங்கினார். நான் தண்ணீர் ஊற்றினேன். மஞ்சள் கலந்த பால் மாதிரி வழிந்தது. வழிய வழிய வட்டமும் போனது, மஞ்சளும் போனது, கூடவே தெளிவும் போனது. முழு ஹெட்லைட்டும் வெள்ளை வெளேரென்று ஆகி, உள்ளே பல்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"இருந்த கண்ணையும் நோண்டிட்டியேடா!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"அப்புடித்தான் ஆகும்னு பாஸ் சொன்னாருக்கா" என்றார் மாமா. அவர் குரலைக் கேட்டால் பாஸ் சொன்னதை அவரே நம்பின மாதிரி இல்லை. படித்துக்கொண்டிருந்த அக்கா புத்தகத்தை மூடிவிட்டு வந்து பார்த்தாள். அடுத்த தாளை எடுத்து நனைத்தாள்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கமாகத் தேய்த்தோம். அடுத்த வீட்டு அத்தை கொழுந்துக் கூடையோடு வந்து நின்று, "வண்டிக்கு அலங்காரம் பலமா இருக்கே, தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, பொண்ணு வீட்ல வண்டி மூஞ்சியத்தான் பாப்பாங்களாம்" என்றார் மாமா. மெல்லிய தாள் போகப் போக வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் மறுபடியும் பற்பசையைப் போட்டு, என் பழைய சீருடைத் துணியால் அக்கா தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எதற்கும் உதவாத அதே பற்பசை இப்போது பிரமாதமாக வேலை செய்தது. பல்பு தெரிந்தது, வெள்ளிக் கிண்ணம் தெரிந்தது, அதில் குட்டியாக என் முகமும் தெரிந்தது. கருமணி போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதைச் சொன்னால் மறுபடி அதட்டு விழும் என்று சொல்லவில்லை.

துடைத்துக் காயவிட்டார்கள். நான் எட்ட நின்று பார்த்தேன், குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். அவர்கள் மூன்று பேரும் ஹெட்லைட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"தெரியல."

"நல்லாக் காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு மாமா. வட்டமே இல்ல."

மாமா என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். அவர் உள்ளங்கையில் தோல் உரிந்து எரிந்திருக்க வேண்டும், உடனே எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். அன்று வேனை யாரும் நிறுத்தவில்லை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அக்காவுக்கு வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் அவள் பாடசாலை ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். ஆனால் எனக்கு அந்தப் பயணம் என்றால் கிளம்பிய நேரம்தான் ஞாபகம் வருகிறது.

மாமா ஹெட்லைட்டைப் போட்டார். மஞ்சள் இல்லாத வெள்ளை வெளிச்சம் பாதையைத் தாண்டித் தேயிலைச் செடிகள்வரை போய் விழுந்தது. அக்கா முதலில் வந்து ஏறினாள். வெறும் நெற்றியோடு இருந்தாள். நாளுக்கொரு நிறத்தில், நாளுக்கொரு அளவில் பொட்டு வைக்கிறவள், இன்றைக்கு மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். அக்காவுக்குத் துணையாகப் போகிற அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நின்றாள். நெற்றியிலிருந்த பொட்டை உரித்துக் கதவு நிலையில் ஒட்டினாள். குளிக்கப் போகும்போது அப்படித்தான் ஒட்டிவிட்டுப் போவாள். பிறகு வேனுக்கு முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில் விழுந்தது. வருடக்கணக்காக மலையில் வெயில் குடித்துக் கறுத்த முகம். அதில், நெற்றிக்கு நடுவில் மட்டும், வெளுத்த ஒரு வட்டம். வெயில் படாத இடம் பழுக்காது. என் கண்டுபிடிப்பு மறுபடியும் சரியாக இருந்தது. பதவியிலிருந்து என்னை யாரும் இன்னும் இறக்கவில்லை என்பதால் உற்சாகமாகக் கத்தினேன்.

"மாமா, மாமா! அம்மா நெத்தியிலயும் வட்டம் தெரியுது!"

யாரும் சிரிக்கவில்லை. மாமா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற அப்பா உள்ளே போய்விட்டார். அக்கா இறங்கி வந்து, கைப்பையிலிருந்து பவுடரை எடுத்து, அம்மாவின் நெற்றியில் தடவித் தேய்த்தாள். அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"இப்பப் பாத்துச் சொல்லு. தெரியுதா?"

நான் எட்டப் போனேன். குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் நின்று பார்த்தேன். வேலை சரியாக நடக்க வேண்டுமல்லவா. "கொஞ்சம் தெரியுது" என்றேன். அக்கா இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"இப்ப தெரியல."

"சரி, உள்ள போயிப் படு" என்று சொல்லி அம்மா ஏறிக்கொண்டாள். நான் நன்றாகப் பார்த்துச் சொன்னதற்கு ஒரு வார்த்தை மெச்சாமல் போகிறார்களே என்று எனக்குக் கோபம். வேன் வளைவில் இறங்கி மறையும்வரை வாசலிலேயே நின்றேன்.

பவுடரை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். வியர்த்தால் வழிந்துவிடும், காய்ந்தால் வட்டம் மறுபடியும் வந்து நிற்கும். அதனால் மிச்சம் கிடந்த உப்புத்தாள்களில் ஆக மெல்லியதாக, அம்மாவுக்கு வலிக்காததாக ஒன்றைத் தேடி எடுத்தேன். அவள் வந்ததும் கொடுக்கலாம் என்று, அவளுடைய பொட்டு அட்டைக்கு அடியில் அதைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.