ஆசனமும் பிரேக்கும் இல்லாத கார்

1. விளம்பரம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யோகன் அண்ணை என்னிடம் ஒரு காரை விற்கச் சொன்னார். அதில் ஆசனம் இல்லை, பிரேக் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பேர்லினில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான், நொய்கெல்ன் பகுதியில் அவர் நடத்திய கார் திருத்தும் வேர்க்ஸ்டாட்டில் தொலைபேசியையும் ஜெர்மன் கடிதங்களையும் கவனிக்கச் சேர்ந்திருந்தேன். விற்க வேண்டியது, அறுபதுகளின் இறுதியில் செய்யப்பட்ட அமெரிக்க மசில் கார். எட்டுச் சிலிண்டர் எஞ்சின், நீண்ட மூக்கு, இரண்டே கதவுகள். நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவரிடம் அதை வாங்கிய அண்ணை, ஓய்வு நேரங்களில் பிரித்துத் துரு நீக்கி, எஞ்சினை முழுமையாகத் திருத்தியிருந்தார். மீதி வேலை முடியுமுன்னே, கார் நின்ற பின்புறக் கொட்டகையை மாத இறுதி வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கும்படி கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார்.

"இது போகோணும் பிள்ளை. ஆனா முழுசாப் போகோணும். ஆரும் உடைச்சு வித்துப்போடக் கூடாது."

விளம்பரத்தில் இல்லாதவற்றை முதலில் வரிசையாக எழுதினேன். இருப்பவற்றுக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தமிழில் சொல்லிக் காட்டியபோது அண்ணை கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இதென்ன விளம்பரமோ, மரண அறிவித்தலோ?"

"வந்து பாக்கிறவை ஏமாறக் கூடாது அண்ணை."

"ஏமாற வேண்டாம். ஆராவது வந்தாப் போதும்."

ஒரு சொல்லும் மாற்றாமல் பத்திரிகைக்கு அனுப்பினோம்.

2. வந்தவர்கள்

இருவர்தான் வந்தார்கள். முதலாமவர் உதிரிப்பாக வியாபாரி. எஞ்சினை மட்டும் குனிந்து பார்த்தார். கதவைத் திறக்கவே இல்லை. "எஞ்சினுக்கு நல்ல விலை தருகிறேன். வியாழக்கிழமை கிரேனோடு வருவேன். மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்றார்.

மறுநாள் வந்த ஃப்ராவ் க்ரூகர் என்ற பெண், நகரப் பேருந்துச் சாரதி. வயது ஐம்பது இருக்கும். விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லை என்று எழுதியிருந்தவை உண்மையிலேயே இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கதவுகளைத் திறந்து மூடினார். பின்னர், அணிந்திருந்த சீருடையோடு காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"இடது கதவு தொங்குகிறது. அதை எழுதவில்லையே" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"தொங்கேல்லை. களைச்சுப் போச்சு எண்டு சொல்லு" என்றார் அண்ணை.

அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். காருக்கு அடியில் நெடுநேரம் சிரிப்பொலி கேட்டது.

காரை முழுதாகவே எடுப்பதாகவும், ட்ரெய்லர் சனிக்கிழமைதான் கிடைக்கும் என்றும் கூறிவிட்டு அவர் போனார். அண்ணை தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். வியாபாரி வியாழக்கிழமை வருவது நிச்சயம். இவரிடம் இருந்தது வாய்ச்சொல் மட்டும். அதுவும் கொட்டகையை ஒப்படைத்த மறுநாளுக்கு.

"நீ என்ன நினைக்கிறாய் பிள்ளை?"

"அவ கதவைத் திறந்து பாத்தவ அண்ணை."

அண்ணை தொலைபேசியை எடுத்து, கிரேன் வேண்டாம் என்று வியாபாரிக்குத் தாமே சொன்னார்.

3. வெள்ளிக்கிழமை

கொட்டகைச் சாவியை வாங்க வந்த கட்டட உரிமையாளர், தம் பங்குக்குக் காரைத் தள்ள நேர்ந்தது. ஒரு நாள் மட்டும் அதை முற்றத்தில் நிறுத்த அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆசனம் இருக்க வேண்டிய இடத்தில் பியர்ப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, அதன்மேல் அமர்ந்து நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முற்றம் சற்றுச் சரிவானது என்பது கார் உருளத் தொடங்கிய பின்னரே தெரிந்தது.

"வலப்பக்கம் திருப்பு! வலப்பக்கம்!"

"பிரேக் அண்ணை, பிரேக்!"

"நீதானே இல்லையெண்டு எழுதினனி!"

அவர் ஓடிவந்து முன்சக்கரத்தடியில் ஒரு செங்கல்லைப் போட்டார். கார் நின்றது.

சனிக்கிழமை காலை ஃப்ராவ் க்ரூகர் ட்ரெய்லரோடு வந்தார். புதிய வாகனம் புறப்படும்போது நம்மவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுவார்களே, அதற்காக இரண்டு பழங்கள் வாங்கி வைத்திருந்தேன். அண்ணை மறுத்துவிட்டார்.

"ஓடுற வண்டிக்குத்தான் பிள்ளை அது. இது ட்ரெய்லரிலை ஏறியெல்லோ போகுது."

பழங்கள் எதற்கு என்று ஃப்ராவ் க்ரூகர் கேட்டார். விளக்கிச் சொன்னேன். தலையசைத்துவிட்டு ட்ரெய்லர்ப் பட்டிகளை இறுக்கினார். பழங்கள் அன்று தேநீருக்குப் போயின.

4. அடுத்த கோடை

ஒரு மாலை, முற்றத்து யன்னல்களை அதிரவைக்கும் ஓசை கேட்டு வெளியே வந்தோம். வாசலில் அந்தக் கார் நின்றது. பெயின்ற் அடித்திருக்கவில்லை. இடது கதவு இன்னும் களைத்தே இருந்தது. ஃப்ராவ் க்ரூகர் தலையை வெளியே நீட்டினார்.

"எலுமிச்சம்பழம் எங்கே?"

தெருமுனைத் தமிழ்க்கடைக்கு ஓடினேன். அண்ணை தம் கையாலேயே பழங்களை வைத்தார். அவற்றுள் ஒன்று, அன்று செங்கல்லைப் போட்ட முன்சக்கரத்தின் கீழ். கார் மெதுவாக அவற்றின்மேல் ஏறி முற்றத்துக்குள் வந்து நின்றது. முற்றமெங்கும் எலுமிச்சை மணத்தது.

குறைகளை மறைக்காமல் சொன்னால், அவற்றை நிறைவாக்க விரும்புகிறவர் தேடி வருவார். விற்பனை குறித்து அந்த வேர்க்ஸ்டாட்டில் நான் கற்றது அவ்வளவே. பின்னாளில் எதை எழுதியபோதும் அது எனக்கு உதவியிருக்கிறது.

ஃப்ராவ் க்ரூகர் பக்கத்து ஆசனத்துக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைச் சுட்டிக்காட்டினார். அண்ணை கைகளைத் துடைத்துக்கொண்டு ஏறி அமர்ந்தார். காரை நகர்த்துமுன் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, யன்னலூடாக என்னைக் கூப்பிட்டார்.

"பிரேக் இருக்குது பிள்ளை. உன்ரை விளம்பரத்திலை அதை வெட்டிவிடு."