ஆடு நக்கும் பவளம்

குளத்தூர் டீக்கடையில் உட்கார்ந்து, காலையில் தூத்துக்குடிக் கடலில் முங்கி எடுத்த படங்களைக் கடலுயிர்ப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கிளிமீனை அடையாளம் கண்டாயிற்று. மூளைபோல மடிப்பு மடிப்பாக இருக்கும் இந்தப் பவளத்தின் பெயர்தான் பிடிபடவில்லை.

டீ வாங்க வந்த ஆட்டுக்கார அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"இந்தக் கல்லு எங்க ஆட்டுக்கொட்டகைச் செவத்துல இருக்கே அண்ணாச்சி."

"கல்லு இல்லக்கா, உயிரு. கடலுக்குள்ள வளருது."

சிரித்துக்கொண்டே கடைக்குப் பின்னால் கூட்டிப்போகிறார். வெடித்துக் கிடக்கும் கரிசலைத் தாண்டினால் கொட்டகை. சுவர் முழுக்கப் பவளம்! தேன்கூட்டுக் கண், நட்சத்திரக் குழி, அந்த மூளை மடிப்பும். கடலில் இரண்டு மணி நேரம் மிதந்தும் இத்தனை வகை சிக்கவில்லை. புத்தகத்தைச் சுவரோடு வைத்து ஒப்பிடுகிறேன்.

"எங்க மாமனாரு காலத்துல கடல்ல வெட்டி வண்டியில கொண்டாந்தாவ. இப்ப வெட்ட விடமாட்டாவ."

"விரல்கூடப் படக் கூடாது, செத்துரும்" என்று காலையில் படகுக்காரர் மூன்று தடவை சொன்னார். இங்கே ஒரு வெள்ளாடு மூளை மடிப்பை நிதானமாக நக்குகிறது.

"ஏங்க்கா நக்குது?"

"கடலுப்பு இன்னும் இருக்குல்லா."

பவளத்தை முதல் தடவையாகத் தொடுகிறேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் விரலை நாக்கில் வைக்கிறேன்.

கரிக்கிறது.