விற்பனைக்கு வந்த படகில் இரண்டு கக்கூஸ்

இன்று ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது மொபைலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கொச்சியில் பழைய கேட்டமரன் விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு படகுகளை அருகருகே சேர்த்துக் கட்டியதுபோன்ற பாய்மரப் படகு. கரையோரமாக ஓட்டிக்கொண்டு அதிலேயே குடியிருக்கலாமாம்.

மண்ணூரில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். தனியாகக் கடலில் இருந்தால் எப்படி இருக்கும்!

வாய் சும்மா இருக்குமா? பக்கத்து சீட்டில் இருந்த ரூம்மேட் முருகேசனிடம் காட்டினேன்.

"ஏலேய், இத வாங்கி என்னல பண்ணப் போற?" என்று சிரித்தான்.

"நாலு ரூமு, அடுப்படி, ரெண்டு கக்கூஸ் இருக்குல."

சிரிப்பு நின்றது. "ரெண்டா?"

தினமும் விடியற்காலையில் எங்கள் ஒற்றைக் கக்கூஸ் வாசலில் வாளியோடு நிற்பவன் அவன்.

"சிப்டு மாத்தி மாத்திப் படுத்தா ரூமுக்கு ரெண்டு பேரு. நம்ம எட்டுப் பேரும் போயிரலாம்ல!" என்று கணக்குப் போட்டான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்த டிரைவர் அண்ணனும் இறங்கும்போது பிடித்துக்கொண்டார். "எனக்கும் ஒரு எடம் போட்டு வைபா. வூட்ல சண்டைன்னா வந்து படுத்துக்கினு போறேன்."

ஏழு பேரிடமிருந்து தப்பிக்கத்தான் படகு பார்த்தேன். இப்போது அந்த ஏழு பேரோடு டிரைவரும் வருகிறார்.

படகு ஓட்டத் தெரிந்த ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை. யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கக்கூஸ் வரிசையில் முதல் இடம் அவருக்குத்தான்.