அவிய கண்ணை போன்ல பாத்த அன்னைக்கு

களத்துல மிளகாய் வத்தல் காஞ்சா தெரு பூராம் தும்மல்தான்... முந்தானையால மூக்கைக் கட்டிக்கிட்டு, நானும் அவியளும், அதான் எங்க வீட்டுக்காரரும், எதிரெதிரா ஒக்காந்து சோடை பொறுக்குவோம். வெளுத்துப்போன வத்தல்தான் சோடை. அதைத் தனியாப் பொறுக்கிப் போட்டாத்தான் கோவில்பட்டி கடையில நம்ம சரக்கை மதிப்பாவ.

அந்த வருசம் அவிய பொறுக்குன சாக்கைக் கடைக்கார பாய் பிரிச்சுக் கொட்டினாரு. செவப்புக்குள்ள வெள்ளை வெள்ளையா...

"என்ன அண்ணாச்சி, வத்தலுக்கும் நரைச்சுப் போச்சா?"ன்னு சிரிச்சாரு.

அவியளுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. வீட்டுக்கு வந்து என்மேல எரிஞ்சு விழுந்தாவ. "வெயில் கூச்சம்ட்டி. கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

எனக்கா தெரியாது? வாசல்ல நிக்குறது யாருன்னு குரலை வச்சுத்தான் சொல்லுவாவ. ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தா, "கத்தி வச்சா இருக்குற வெளிச்சமும் போயிரும்"னு ஒரே பிடிவாதம்.

அப்பத்தான் டவுன் கண்ணாஸ்பத்திரியில இருந்து ஒரு பொண்ணு ஊருக்குக் கண்ணு பாக்க வந்துச்சு. பெரிய மிஷினெல்லாம் இல்ல. ஒரு செல்போன், அதுல ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்துச்சு... அவ்வளவுதான். அம்மன் கோயில் மண்டபத்துல ஒக்காந்துச்சு.

போட்டோ எடுக்காவன்னு ஊருக்குள்ள பேச்சாயிருச்சு. பொம்பளைய எல்லாம் பூ வச்சுக்கிட்டுப் போனோம். அவிய சவரம் பண்ணி, கல்யாணத்துக்குப் போற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கிட்டு, போனுக்கு முன்னால ஈன்னு சிரிச்சாவ.

"பெரியப்பா, சிரிக்காதீங்க... கண்ணு சுருங்குது."

"சிரிக்காம எடுத்தா செத்தவன் போட்டோ மாதிரியில்ல இருக்கும் தாயி!"

மண்டபமே சிரிச்சுச்சு.

படத்தை டவுன் டாக்டருக்கு அனுப்பிட்டு, அந்தப் பொண்ணு போனை அவியகிட்ட நீட்டுச்சு. ரெண்டு கண்ணும் பெருசா, பக்கத்துல பக்கத்துல. ஒண்ணுல புகை மாதிரி மங்கல். இன்னொண்ணுல மோரை ஊத்துன மாதிரி ஒரே வெள்ளை...

போனை மூஞ்சிக்கிட்ட கொண்டுபோயி ரொம்ப நேரம் பாத்தாவ.

"இது எவன் கண்ணுட்டி?"

"உங்க கண்ணுதாங்க."

நான் மாசக்கணக்குல கத்துனது ஏறல... அந்தப் படம் ஏறிருச்சு. புரைதான், ஆபரேஷன் பண்ணா சரியாயிரும்னு டாக்டர் பதில் போட்டதும், "ஆஸ்பத்திரி வேன் என்னைக்கு வரும் தாயி?"ன்னு அவியளே கேட்டாவ.

ஆபரேஷன் முடிஞ்சு கட்டு அவுத்தப்போ என் மூஞ்சியையே பாத்தாவ. "எப்பட்டி மூக்குத்தி மாத்துன?"

மாத்தி வருசமாச்சு... சிரிக்கவா அழவான்னு தெரியல எனக்கு.

அப்புறம் கொஞ்ச வருசம் எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டுத்தான் போனாவ. போன பங்குனியில நெஞ்சுவலி. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாவ.

போன வாரம் அதே பொண்ணு மறுபடி போனோட வந்துச்சு. இந்தத் தடவை என் கண்ணுலயும் புரை. அப்பல்லாம் கண்ணு ஆபரேஷன்னா வீட்டுல அழுதுதான் அனுப்புவாவ. இப்ப எங்க தெருவுல நாலு பொம்பளைய சேந்து கிளம்புதோம். என்னை ஏன் சேக்கலன்னு அஞ்சாவது ஒருத்தி சண்டைக்கு நிக்கா!

அன்னைக்கு வேன்ல அவியளை சன்னலோரம் ஒக்கார வச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டே போனேன். வர்ற திங்கக்கிழமை சன்னலோரம் நான்தான். கைதான் சும்மா கிடக்கும்...

பரவாயில்ல. வரும்போது கரிசக்காடு பூராம் பாத்துக்கிட்டே வருவேன்.