சட்டைப் பைக்குள் சுகர் கிளைடர்

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கிளியும் மீனும் விற்கிற கடை. துறையூர் பஸ் வரும்வரை உள்ளே நிற்கிறேன். ஒரு கூண்டில் அணில் அளவுள்ள சுகர் கிளைடர் ஒன்று தனியாகச் சுருண்டு தூங்குகிறது. சொந்த ஊரான பப்புவா தீவின் காட்டில் இது பகலெல்லாம் மரப்பொந்தில் கூட்டமாகத் தூங்கும். இருட்டினால் மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும். குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும். இவ்வளவும் தெரிந்த நான்தான், "எழுப்புங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்கிறேன்.

கடைக்காரர் அதை உலுக்கி என் தோளில் விடுகிறார். அது நடுங்கியபடி என் சட்டைப் பைக்குள் புகுந்து மறுபடி சுருண்டுகொள்கிறது.

"பொந்துன்னு நெனச்சிடுச்சு சார்! உங்களப் புடிச்சுப் போச்சு, கூட்டிட்டுப் போங்க."

"வேண்டாங்க, பஸ் வந்துடுச்சு."

துணியை நகத்தால் பற்றியிருக்கிறது. நானே ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து அவர் கையில் கொடுக்கிறேன். எனக்கெல்லாம் போட்டோ ஒரு கேடு. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் சட்டைப் பை சூடாக இருக்கிறது.